துப்பாக்கிக் குழலில் பிறந்த எவர்சில்வர்

ஹாரி பிரியர்லி (1871 – 1948)

இந்த மலருக்கு ஒரு பொறியாளரின் வாழ்க்கையை எழுதித் தர முடியுமா என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பெரிய அணை கட்டியவர்கள், ராக்கெட் விட்டவர்கள் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் எந்தக் கல்லூரியிலும் முழுநேர மாணவராகப் படித்தவர் அல்ல. 12 வயதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். முதலில் எடுபிடிப் பையன், அப்புறம் லேபில் பாட்டில் கழுவும் பையன். அவர் பெயர் ஹாரி பிரியர்லி. மெட்டலர்ஜி பிரிவு நண்பர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். மற்றவர்களுக்கு அவர் வேலை பழக்கம். தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம்.

நாம் எவர்சில்வர் என்று சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றி க்விஸ் போட்டிகளில் ஒரு கதை அடிபடும். ஒரு விஞ்ஞானி துப்பாக்கிக்காக ஏதோ ஒரு எஃகைச் செய்தாராம். சரிவரவில்லை என்று கொல்லைப்புறத்துக் குப்பையில் வீசினாராம். சில மாதம் கழித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் துருப்பிடித்துக் கிடக்க, அது மட்டும் பளபளவென்று மின்னியதாம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல. நடந்தது இதைவிடச் சுவாரஸ்யமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூசைப் பட்டறை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1871 பிப்ரவரி 18 அன்று பிறந்தார் பிரியர்லி. வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். அப்பா ஜான், தாமஸ் ஃபர்த் அண்ட் சன்ஸ் கம்பெனியில் எஃகு உருக்குபவர். நெருக்கமான சந்தில் சின்ன வீடு, எப்போதும் புகை, எப்போதும் பற்றாக்குறை.

அந்தக் காலத்து ஷெஃபீல்டில் எஃகு உருக்குவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கொண்டுவந்த மூசை முறைதான் அங்கே நடைமுறை. களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பதப்படுத்தி, மூசை செய்வார்கள். அதில் இரும்பைப் போட்டுக் கல்கரி நெருப்பில் உருக்குவார்கள். நெருப்புக் குழியின் மேல் காலை அகட்டி நின்று, கொதிக்கும் மூசையை இடுக்கியால் தூக்க வேண்டும். ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டுதான் அந்த வேலை. எஃகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் கிடையாது. கண்தான் கருவி. வார்த்த கட்டியை உடைத்து, உடைந்த முகத்தின் மணிகளைப் பார்த்தே இதில் கார்பன் எவ்வளவு என்று சொல்லிவிடும் ஆட்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பையன் ஹாரி அப்பாவுக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தான். சாம்பல் அள்ளுவது, ஆட்களுக்குக் குடிக்க வாங்கி வருவது, சொன்னதைச் செய்வது. அந்த வயதில் கண்ட அந்தத் தொழிலாளிகளின் கண்ணையும் கையையும் அவர் சாகும்வரை மதித்தார். பிற்காலத்தில் பெரிய ஆய்வுக்கூடத்தின் தலைவரான பிறகும், லேப் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எஃகைத் தீர்ப்புச் சொல்பவர்களை அவர் நம்பவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாட்டில் கழுவிய பையன்

கொஞ்ச நாளில் அதே ஃபர்த் கம்பெனியின் ரசாயன ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலை கிடைத்தது. பட்டறையை விடச் சுத்தமான இடம், ஆனால் வேலை சலிப்பு. அங்கே தலைமை வேதியியலாளராக இருந்தவர் ஜேம்ஸ் டெய்லர். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கணக்குப் படி, ராத்திரி வகுப்புக்குப் போ, கைத்தொழிலும் கற்றுக்கொள் என்று முடுக்கிவிட்டார். பகலில் குடுவை கழுவுவது, இரவில் புத்தகம் என்று வருடங்கள் ஓடின. கழுவிய குடுவைகளில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துக் கவனித்தே எஃகுப் பகுப்பாய்வைக் கற்றுக்கொண்டார்.

நம்மில் பலருக்கு அப்படி ஒரு டெய்லர் இருந்திருப்பார். லேப் அசிஸ்டென்ட்டோ, ஒர்க்‌ஷாப் ஃபோர்மனோ, ஒரு தமிழ் மீடியம் பையனை முதல் செமஸ்டரில் கரையேற்றிய பேராசிரியரோ. அந்த உதவிக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத் தெரிவதில்லை.

பிரியர்லி 1895-ல் ஹெலன் என்ற பெண்ணை மணந்தார். லேபில் படிப்படியாக உயர்ந்தார். எஃகு ஆலைப் பொருள்களைப் பகுப்பாய்வு செய்வது பற்றி இப்பட்சனுடன் சேர்ந்து 1902-ல் புத்தகம் எழுதினார். யுரேனியத்தின் பகுப்பாய்வு பற்றித் தனியாக ஒன்று எழுதினார். பாட்டில் கழுவ வந்த பையன் முப்பது வயதுக்குச் சற்று மேல் நூலாசிரியர். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பு.

ரீகா நகரில் பட்டை தீட்டல்

ஃபர்த் கம்பெனிக்கு அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த ரீகா நகரில் ஒரு எஃகு ஆலை இருந்தது. இன்றைக்கு அது லாட்வியாவின் தலைநகரம். 1904-ல் பிரியர்லி அங்கே வேதியியலாளராகப் போனார். பின்பு ஆலை மேலாளரே ஆனார். ரஷ்ய – ஜப்பானியப் போரும் 1905 புரட்சியும் சுற்றிலும் நடந்த காலம். ஷெஃபீல்டில் ஒவ்வொரு வேலைக்கும் பரம்பரை ஆள் இருப்பான். ரீகாவில் அந்த வசதி இல்லை. உருக்குவது, அடிப்பது, சூடேற்றித் தோய்ச்சல் போடுவது எல்லாவற்றையும் தானே நின்று செய்து பார்த்து, ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒரே எஃகு, சூடேற்றும் அளவை மாற்றினால் வேறு எஃகு போல நடந்துகொள்ளும் என்ற பாடம் அங்கே கைக்கு ஏறியது. கருவி எஃகுக்குச் சூட்டுப் பக்குவம் போடுவது பற்றி 1911-ல் அவர் வெளியிட்ட புத்தகம் பட்டறைகளில் பெயர் வாங்கியது.

ஊர் திரும்பியவருக்கு 1908-ல் பெரிய வாய்ப்பு. ஜான் பிரவுன், தாமஸ் ஃபர்த் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து பிரவுன்-ஃபர்த் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கின. அதன் தலைவர் பிரியர்லி.

துப்பாக்கிக் குழலின் இரண்டு வியாதிகள்

இனிமேல் விஷயம் துப்பாக்கிக்கு வருகிறது. என்.சி.சி.-யில் இருந்தவர்களுக்கும், பழைய போலீஸ்காரர் தோளில் .303 ரைஃபிளைப் பார்த்தவர்களுக்கும் இது சுலபமாகப் புரியும். குழலின் உட்சுவரில் திருகு மாதிரி வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டைச் சுழற்றி விடுவது அவைதான். சுழன்றால்தான் குண்டு நேராகப் போகும். அந்த வரிகள் தேய்ந்தால் துப்பாக்கி வெறும் தடி.

பழைய கருமருந்துக்குப் பதில் 1890-களில் பிரிட்டிஷ் ராணுவம் கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு மாறியது. இதில் நைட்ரோகிளிசரின் பாதிக்கு மேல். வேகம் கிடைத்தது, 1910-ல் வந்த.303 குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். ஆனால் கார்டைட் எரியும் சூடு பயங்கரம். லீ-மெட்ஃபர்டு ரைஃபிளின் ஆழமில்லாத வரிகளைச் சீக்கிரமே அரித்துத் தின்றுவிட்டது. அதனால்தான் 1895-ல் வரிகளை ஆழமாக வெட்டி, லீ-என்ஃபீல்டு என்று மாற்றினார்கள். அப்படியும் அரிப்பு நிற்கவில்லை.

இது ஒரு வியாதி. சூடான வாயுவும் வேகமும் சேர்ந்து உலோகத்தைச் சுரண்டிக் கொண்டுபோவது. இன்னொரு வியாதி துரு. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் பொறி தரும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது குழலுக்குள் ஒருவித உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவை இழுக்கும். சிப்பாய்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, எண்ணெய்த் துணி இழுத்ததெல்லாம் இதற்காகத்தான்.

1912-ல் பிரியர்லி என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போனார். அவரிடம் கொடுத்த வேலை முதல் வியாதிக்கு மருந்து கண்டுபிடிப்பது: குழல் அரிப்பை எப்படிக் குறைப்பது? துருவைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. இந்த ஒரு வரிதான் முழுக் கதையின் அச்சாணி.

அமிலம் தொடாத எஃகு

அவர் யோசனை நேரடியானது. சூட்டில் அரிப்பு வருகிறது என்றால், சூட்டைத் தாங்கும் எஃகு வேண்டும். குரோமியம் சேர்த்தால் தாங்கும் என்று நினைத்தார். அதுவரை கருவி எஃகில் குரோமியத்தைக் கொஞ்சமாகச் சேர்ப்பது வழக்கம். இவர் கார்பனைக் குறைத்து, குரோமியத்தைத் தாராளமாக ஏற்றிப் பார்த்தார். சில வார்ப்புகள் சரிவரவில்லை. 1913 ஆகஸ்ட் 13 அன்று மின் உலையில் வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். உலோகவியல் வரலாற்றில் இடம்பிடித்துவிட்ட எண்கள் இவை.

எஃகின் உள் அமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க, துண்டை மெருகேற்றி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவ வேண்டும். அமிலம் மேற்பரப்பைக் கொஞ்சம் தின்றால்தான் மணிகளின் எல்லை தெரியும். மெட்டலர்ஜி லேபில் ரெக்கார்ட் எழுதிய எவருக்கும் இந்த எட்சிங் தெரியும். பிரியர்லியின் புது எஃகை அமிலம் தின்னவே இல்லை. தின்றாலும் ரொம்ப மெதுவாக.

நம்மில் ஒருவர் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அமிலம் பழசு என்று புது பாட்டில் திறந்திருப்போம். அல்லது இன்னும் காரமான அமிலம் போட்டு, படம் எடுத்து, வேலையை முடித்திருப்போம். கேள்வி குழல் அரிப்பு பற்றியது. எட்சிங் ஆகாதது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பிரியர்லி அங்கே நின்றார். அமிலம் தின்னவில்லை என்றால் வேறு எதெல்லாம் தின்னாது? வினிகர், எலுமிச்சைச் சாறு என்று சமையலறைச் சாமானாக வைத்துப் பார்த்தார். தாங்கியது. சூட்டுப் பக்குவத்தைப் பொறுத்துத் தாங்கும் சக்தி மாறுவதையும் கவனித்தார். நன்றாகச் சூடேற்றிக் கடினமாக்கிய துண்டு அதிகம் தாங்கியது. இளக்கிய துண்டு குறைவாகத் தாங்கியது. ரீகாவில் கற்ற பாடம் இங்கே உதவிக்கு வந்தது.

காரணம் இன்றைக்கு நமக்குத் தெரியும். எஃகில் குரோமியம் சுமார் 10.5 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகும். கண்ணுக்குத் தெரியாத, சில நானோமீட்டர் கனம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் கார்பன், குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக வைத்துக்கொண்டால் படலத்துக்குக் குரோமியம் போதாது. சரியான சூட்டில் கார்பைடைக் கரைத்தால் குரோமியம் விடுதலையாகும். அதனால்தான் கடினமாக்கிய துண்டு நன்றாகத் தாங்கியது.

குழல் என்ன ஆயிற்று? அந்தக் காலத்தில் என்ஃபீல்டு ரைஃபிள் சாதாரண எஃகுக் குழலோடுதான் தொடர்ந்தது. கொடுத்த கணக்கில் பாஸ் மார்க் இல்லை. கேட்காத கணக்கில்தான் சென்டம்.

வெட்டாத கத்தி

பிரியர்லிக்குக் கத்தி நினைவு வந்ததற்கு ஷெஃபீல்டுதான் காரணம். அந்த ஊரே கத்தி, கத்தரி, கரண்டி செய்யும் ஊர். நம் வீட்டு இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கினால் அலகு கறுத்துப்போகுமே, அதே தொல்லை அங்கே ஒவ்வொரு சாப்பாட்டு மேஜையிலும். பழம் நறுக்கினால் கறை, கழுவி வைத்தால் துரு. தினமும் பொடி போட்டுத் தேய்ப்பதற்கென்றே வீட்டுக்கு வீடு வேலையாட்கள்.

இந்த எஃகு கத்திக்கு ஆகும் என்று தன் முதலாளிகளிடம் எழுதிச் சொன்னார். அவர்களுக்கு ஆர்வம் இல்லை. பீரங்கியும் கவசத்தகடும் விற்கும் கம்பெனிக்குச் சாப்பாட்டுக் கத்தி சில்லறை வியாபாரம். மாதிரிகளை வாங்கிப் பார்த்த கத்திக்காரர்களோ, அடிக்கும்போது சம்மட்டிக்கு மசியவில்லை, சாணை பிடிக்க முடியவில்லை, கூர் வரவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரில் கேலிப் பெயர் வேறு.

கத்திக்காரர்கள் மேலும் முழுத் தப்பில்லை. சாதாரண கார்பன் எஃகை 780 டிகிரி வாக்கில் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். பல தலைமுறையாகக் கண் பழகிய செந்நிறம் அது. புது எஃகுக்கு 1000 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். பழைய நிறத்தில் அடித்தால் அது வெடிக்கும்; பழைய நிறத்தில் தோய்த்தால் கடினமாகாது. எஃகு புதுசு, கண் பழசு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு கட்டுரையல்ல, ஒரு பட்டறை ஆள். மோஸ்லி என்ற கத்திக் கம்பெனியின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் 1914-ல் இந்த எஃகைக் கேட்டு வாங்கினார். முதல் முயற்சி தோல்வி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை பிரியர்லி பக்கத்தில் நின்று சூட்டைச் சொன்னார். கத்தி வந்தது, கூரும் வந்தது. பிரியர்லி துருவில்லா எஃகு என்று சொல்லிவந்தார். வினிகர் பட்டும் கறை படியாததைப் பார்த்த ஸ்டூவர்ட், கறையில்லாதது என்று பொருள்படும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை வைத்தார். உலகம் முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. விஞ்ஞானியின் கணக்கும் பட்டறைக்காரரின் கையும் ஒரே உலைக்கு முன்னால் நின்ற பிறகுதான் காரியம் நடந்தது.

யாருக்குச் சொந்தம்?

வேலையில் இருக்கும் நம் சங்க உறுப்பினர்களை ரொம்பத் தொடும் பகுதி இது. கத்தி ஓடும் என்று தெரிந்ததும் ஃபர்த் கம்பெனி விழித்துக்கொண்டது. எங்கள் சம்பளத்தில், எங்கள் லேபில் செய்தது, எங்களுக்கே சொந்தம் என்ற நிலை எடுத்தது. வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கியதைப் பயன்படுத்திக் காட்டியவன் நான், எனக்கும் பங்கு உண்டு என்பது பிரியர்லியின் வழக்கு. இங்கிலாந்தில் கம்பெனி காப்புரிமையே எடுக்கவில்லை. மனஸ்தாபம் முற்றி, பிரியர்லி ஆய்வுக்கூடத்தை விட்டு விலகினார். தான் தொடக்கத்திலிருந்து வளர்த்த இடம் அது.

1915-ல் பிரவுன் பெய்லி என்ற போட்டிக் கம்பெனியில் ஆலை மேலாளராகச் சேர்ந்தார். அமெரிக்கக் காப்புரிமைக்கு மனுப் போட்டார். முதல் மனு தேறவில்லை. குரோமியம் 9-லிருந்து 16 சதவீதம், கார்பன் 0.7-க்கும் கீழ், சரியான சூட்டுப் பக்குவத்தோடு என்று திருத்திக் கேட்டதில், 1916 செப்டம்பரில் கிடைத்தது. காப்புரிமை கையில் வந்ததும் பழைய முதலாளியே பேச்சுக்கு வந்தார். 1917-ல் இரு தரப்பும் கூட்டாக ஒரு சிண்டிகேட் அமைத்தார்கள். பெயரில் ஃபர்த், பிரியர்லி இரண்டும் இருந்தன.

இந்த இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் நண்பர்களோடு பலமுறை வாதாடியிருக்கிறேன். கம்பெனி உலை கொடுத்தது, சம்பளம் கொடுத்தது, நேரம் கொடுத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் கவனிப்பைக் கம்பெனி கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தருவதற்குத்தான் சம்பளம். கேட்காத கேள்வியைத் தானே எழுப்பி, சிரிப்பையும் தாங்கிக்கொண்டு நிரூபிப்பதற்கு எந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் வரி கிடையாது. என் ஓட்டு பிரியர்லிக்கு. கூடவே இளைய நண்பர்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம்: சேரும்போது கையெழுத்துப் போடும் தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

முதல் ஆள் அவர்தானா?

நேர்மையாகச் சொன்னால் இல்லை. வரிசை நீளம். 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரும் எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்கள். அவர்களைத் தூண்டியது எது தெரியுமா? தென்னிந்தியாவிலிருந்து போன வூட்ஸ் எஃகு. நம் பக்கத்து மூசை உருக்கு! 1821-ல் பிரான்சின் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குவதைச் சொல்லிவிட்டார். ஆனால் அன்றைய முறையில் கார்பன் நிறையச் சேர்ந்து உலோகம் நொறுங்கியது. 1892-ல் ஷெஃபீல்டுக்காரரே ஆன ஹாட்ஃபீல்டு, குரோமியம் சேர்த்தால் அரிமானம் கூடும் என்று தலைகீழாக முடிவு கட்டினார். அவர் சோதித்தது கடுமையான கந்தக அமிலத்தில். அதில் அந்தப் படலம் நிற்காது. ஜெர்மனியில் மோனார்ட்ஸ் 1911-ல் படல விஷயத்தையே விளக்கிவிட்டார். எஸ்ஸன் நகரத்துக் க்ரூப் கம்பெனியில் ஸ்ட்ராஸும் மௌரரும் 1912-ல் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்காவின் எல்வுட் ஹேன்ஸுக்கு 1919-ல் தனிக் காப்புரிமை கிடைத்தது.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டுகிறதா என்று நம் அம்மாக்கள் பார்ப்பார்கள். பிரியர்லியின் எஃகில் காந்தம் ஒட்டும். நம் தட்டு, டம்ளரில் பெரும்பாலும் ஒட்டாது, ஏனென்றால் அவை நிக்கல் சேர்ந்த குடும்பம், க்ரூப் வழி வந்தவை. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்ற புகழ்பெற்ற அளவை 1924-ல் செய்தவர், பிரியர்லியின் நாற்காலியில் பின்னால் உட்கார்ந்த ஹாட்ஃபீல்டு. மேலே சொன்ன ஹாட்ஃபீல்டு வேறு, இவர் வேறு. ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறும். காந்தம் ஒட்டும் கத்தி, கத்தரி, சர்ஜரி பிளேடு வகைகள் பலவும் பிரியர்லியின் நேர் வாரிசுகள்.

அப்படியானால் அவர் பெருமை என்ன? மற்றவர்கள் ஒரு பண்பைக் கண்டார்கள். இவர் அதற்கு ஒரு வேலை கண்டார். அந்த வேலையைச் செய்ய வைக்கும் வரை விடவில்லை. அதற்கு ஆய்வுக்கூடத்தையும் சாணைக்கல்லையும் இரண்டையும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. எடுபிடிப் பையனாகத் தொடங்கியவருக்கு அது தெரிந்திருந்தது.

போரும் அதற்குப் பின்னும்

முதல் உலகப் போரில் இந்த எஃகு கத்திக்குக் கிடைக்கவில்லை. விமான எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தேவை என்று எடுத்துக்கொண்டார்கள். சூட்டைத் தாங்கும் என்று பிரியர்லி முதலில் நினைத்தது அங்கே உண்மையாயிற்று. போர் முடிந்ததும் கத்தி உலகமெங்கும் போனது. மலையேறுபவர்கள் பையில் வைத்துக்கொள்ளும் சுவிஸ் மடக்குக் கத்திக் கம்பெனி, துருவில்லாதது என்பதைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல்லை 1921-ல் தன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது.

துப்பாக்கிக்கும் கடைசியில் இது திரும்பி வந்தது. 1965-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி முழுக்க ஸ்டெயின்லெஸ் எஃகில் ரிவால்வர் செய்தது. உடம்போடு ஒட்டி, வியர்வையில் நனையும் ஆயுதத்துக்குத் துருதான் முதல் எதிரி. குறிபார்த்துச் சுடும் போட்டி ரைஃபிள்களிலும் இந்த எஃகுக் குழல்கள் பரவலாயின. 1912-ல் கேட்ட கேள்விக்கு அரை நூற்றாண்டு கழித்து, வேறு வாசல் வழியாக ஒரு விடை. என்ஃபீல்டு தொழிற்சாலை 1988-ல் மூடப்பட்டது. நம் தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்ட ஆரம்பித்தது. நம்ம பாட்ச் நண்பர்கள் சிலருக்குச் சோறு போட்ட எஃகு.

பிரியர்லிக்கு 1920-ல் இரும்பு எஃகுக் கழகத்தின் பெஸ்ஸெமர் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1925-ல் பிரவுன் பெய்லியின் இயக்குநர். சர் பட்டமெல்லாம் வரவில்லை. பழைய மூசைத் தொழிலாளிகளைப் பற்றி 1933-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தத் தொழிலே அழிந்துகொண்டிருந்த காலம் அது. கண்ணால் எஃகு பார்த்த அந்த மனிதர்கள் எழுத்தில் வந்ததில் அவர் பங்கு பெரிது. 1939-ல் ஷெஃபீல்டு நகரம் தன் உயரிய கௌரவத்தைக் கொடுத்தது. 1941-ல் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். அதே ஆண்டு, வாய்ப்பில்லாதவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்க ஃப்ரெஷ்கேட் என்ற அறக்கட்டளையை நிறுவினார். டெய்லர் தனக்குச் செய்ததை ஊருக்குச் செய்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1948-ல், 77 வயதில் காலமானார்.

தம்பி தங்கைகளே, உங்கள் ரெக்கார்டில் எதிர்பார்த்த வளைகோடு வராத நாள் ஒன்று வரும். பக்கத்து பெஞ்சின் ரீடிங்கைப் பார்த்து எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது. அல்லது கருவியைச் சரிபார்த்து, மறுபடி எடுத்து, அப்படியும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது பழைய அமிலமாகத்தான் இருக்கும். அந்த மிச்சம் ஒரு முறையைத் தவறவிடாமல் இருக்கத்தான் நாம் லேபில் நிற்கிறோம்.